கக்கனின் கணக்கு: கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தால் போதுமா?

தேர்தல் வந்துவிட்டால் பழங்காநத்தம் ரவுண்டானாவில் சில காட்சிகள் தப்பாது. பொதுக்கூட்ட மேடைக்காக ரோட்டில் பாதி அடைபடும். பைபாஸ் ரோட்டிலிருந்து வரும் பஸ்ஸும் திருப்பரங்குன்றம் ரோட்டிலிருந்து வரும் ஆட்டோவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கக்கன்னு ஒருத்தர் இருந்தாரு, தெரியுமா தம்பி?" என்று ஆரம்பிப்பார்.

அதற்குப் பிறகு வரும் கதை மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பத்து வருடம் மந்திரியாக இருந்த மனுஷன், பதவி போனபின் டவுன் பஸ்ஸுக்காக ஜனங்களோடு ஜனங்களாக நின்றார். உடம்புக்கு முடியாமல் போனபோது மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தார். மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாக விஷயம் தெரிந்து பதறிப்போய் உதவி செய்தார். சொல்பவருக்கு ஏற்ப வார்டு தரையாகும், பஸ் மாறும். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "இப்ப எவன்யா அப்படி இருக்கான்?" என்று ஒரு குரல் வரும். டீ கிளாஸைக் கழுவி வைத்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கதையைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கக்கன் நேர்மையாக வாழ்ந்தார், வறுமையில் முடிந்தார் என்பதில் அவரது அரசியல் எதிரிகளுக்கே மாற்றுக் கருத்து இருந்ததில்லை. பிரச்சினை வேறு. முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட பொதுவாழ்வு, அதில் இருபது வருடத்துக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகள், அரசியல் நிர்ணய சபை, நாடாளுமன்றம், சட்டமன்றம், மூன்று பெரிய இலாகாக்கள்... இத்தனையையும் சுருக்கி ஒரு பஸ் டிக்கெட்டில் அடக்கிவிட்டோமே, அது நியாயமா?

பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. இருப்புநிலைக் குறிப்பு, அதாவது பேலன்ஸ் ஷீட், ஒரு நாளின் நிலவரம்தான். மார்ச் 31 அன்று கையில் என்ன இருக்கிறது, கடன் என்ன இருக்கிறது, அவ்வளவே. அந்த வருடம் முழுக்க வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் வேறு கணக்கைப் புரட்ட வேண்டும். கக்கன் விஷயத்தில் தமிழ்நாடு பத்திரமாக வைத்திருப்பது கடைசி நாள் பேலன்ஸ் ஷீட்டை மட்டும்தான். சொத்து என்ற தலைப்பின் கீழ் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணீர் விடுகிறோம். வரவு செலவுக் கணக்கை யாரும் திறப்பதே இல்லை.

சரி, திறந்து பார்ப்போம்.

மதுரையிலிருந்து மேலூர் போகிறவர்களுக்குத் தும்பைப்பட்டி என்ற பெயர் தெரிந்திருக்கும். மேலூரைத் தாண்டி உள்ள கிராமம். 1908 ஜூன் 18 அன்று கக்கன் அங்கே பிறந்தார். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. பூசாரி மகன்தான், ஆனாலும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர் போக முடியாது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்களுக்குக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்க்கும் உரிமை மட்டுமே இருந்த காலம் அது.

1939 ஜூலை 8 அன்று அந்த வாசல் திறந்தது. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்த ஐந்து பேரில் கக்கன் ஒருவர். அன்றைய நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு ஒத்துழைத்தார். எதிர்ப்பும் வழக்கும் வரும் என்று தெரிந்து ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. பள்ளிப் புத்தகத்தில் இந்த நிகழ்ச்சி வைத்தியநாத ஐயரின் பெயரில் இருக்கிறது. அதில் தப்பில்லை, அவர் பட்ட எதிர்ப்பும் சாதாரணமில்லை. ஆனால் உள்ளே காலடி எடுத்து வைத்தவர்களின் பெயர் "மற்றும் சிலர்" ஆகிவிட்டது. அந்த மற்றும் சிலரில் ஒருவர்தான் பிற்காலத்தில் மாநிலத்தின் உள்துறை அமைச்சர் ஆனார் என்பதை எத்தனை பேர் சேர்த்து யோசித்திருப்பார்கள்?

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அவர் அலிப்பூர் சிறைவரை போய்வந்தார். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட தேர்தல் இல்லை, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏழு வருடங்களுக்கு முன்னால் கோயிலுக்குள் நுழையவே ஒரு சட்டம் தேவைப்பட்ட மனிதர், நாட்டுக்கே சட்டம் எழுதும் சபையில் உட்கார்ந்தார். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அந்தச் சபையில் நிறைவேறியபோது அவரும் ஓர் உறுப்பினர். ஒரு வாழ்க்கையில் இந்த ஒரு வரி போதாதா? டீக்கடைக் கதையில் இது வருவதே இல்லை.

அடுத்து 1952. முதல் பொதுத்தேர்தலில் மதுரை நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து கக்கன் டெல்லி போனார். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இன்றைய தலைமுறைக்கு இது சுத்தமாகத் தெரியாது. அப்போது மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்கள், ஒன்று பொது, ஒன்று தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. 1957 சட்டமன்றத் தேர்தலில் கக்கன் ஜெயித்த மேலூரும் இதே மாதிரி இரட்டைத் தொகுதிதான். 1961இல் சட்டம் போட்டு இந்த முறையையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், சில தொகுதிகள் முழுசாகத் தனித்தொகுதி.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கக்கனை "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒதுக்கப்பட்டது இடம் மட்டும்தான். ஓட்டு எல்லாச் சாதிக்காரர்களிடமும் வாங்க வேண்டும். மேலூர் வட்டாரம் எப்படிப்பட்டது, எந்தச் சாதிக்கு அங்கே எவ்வளவு செல்வாக்கு என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்த் தெருக்களில் ஒரு தலித் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு நடந்தார், ஜெயித்தும் காட்டினார். அதற்குக் காங்கிரஸ் செல்வாக்கு ஒரு காரணம், காமராஜர் ஒரு காரணம். ஆனால் கால் நோக நடந்தவர் கக்கன்.

காமராஜர் 1954இல் முதலமைச்சர் ஆனார். அவர் விட்டுப்போன தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் கக்கன் வந்தார். 1957 ஏப்ரலில் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு இடம். மொத்தமே எட்டு மந்திரிகள்! (இன்றைய அமைச்சரவைகளில் குரூப் போட்டோ எடுக்கவே இரண்டு வரிசை வேண்டும்.) அந்த எட்டுப் பேரில் கக்கனுக்குக் கொடுத்தது ஹரிஜன நலத்தோடு பொதுப்பணித்துறை. மின்சாரம் மட்டும் வேறொருவரிடம்.

பொதுப்பணித்துறை என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். அணை, கால்வாய், அரசுக் கட்டிடம் எல்லாமே அங்கேதான். காண்டிராக்ட் என்ற சொல் அதிகம் புழங்கும் இலாகா அது. எந்த ஆட்சியானாலும் பணம் ஒழுகும் குழாய் எங்கே என்று கேட்டால் கான்ட்ராக்டர்கள் முதலில் கை காட்டும் திசையும் அதுதான். அந்தக் குழாயின் கீழே ஐந்து வருடம் நின்ற மனிதர் கை நனையாமல் வெளியே வந்தார். பஸ்ஸில் போனதை விட இது பெரிய விஷயம் இல்லையா? பஸ்ஸில் போவதற்குப் பணம் இல்லாமல் இருந்தாலே போதும். டெண்டர் கோப்புகளுக்கு நடுவில் ஐந்து வருடம் அப்படி இருப்பதற்கு மனசு வேண்டும்.

அவர் துறையில் இருந்தபோதுதான் 1959 ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது. வேலை தொடங்கியது அவர் மந்திரியாவதற்கு முன்பே என்பதால் முழுப் பெருமையையும் அவர் தலையில் கட்ட முடியாது. எந்த அணையும் ஒரு மந்திரியின் சாதனை கிடையாது. ஆனால் முடித்துத் திறந்தது அவர் காலத்தில். மதுரையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் பார்ப்பது வைகை அணை நீர்மட்டம் எத்தனை அடி என்றுதான். 71 அடி என்ற எண் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழங்காநத்தத்தில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கும் தெரியும். கக்கன் பெயர் அந்த எண்ணோடு சேர்ந்து யார் வாயிலும் வந்ததில்லை.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. பெரியாறு, வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். ஒருபோகத்துக்கும் நேரத்துக்குத் தண்ணீர் விடவில்லை என்று மேலூர் விவசாயிகள் மறியல் செய்வது மதுரைப் பதிப்புச் செய்தித்தாள்களில் வழக்கமாக வரும் செய்தி. அதாவது, பாசனத்துக்குப் பொறுப்பான மந்திரியின் சொந்தத் தாலுகா கடைமடையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். சொந்த ஊருக்காக வாய்க்காலை வளைக்காத நேர்மை என்று ஒரு சாரார் சொல்வார்கள். பதவியில் இருந்தும் சொந்த ஜனங்களுக்கு நாலு மடை அதிகம் திறக்க முடியவில்லையே என்று மேலூர்க்காரர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அவர் காலத்தில் வாழ்ந்த விவசாயிகளிடம் கேட்டிருந்தால் எந்தப் பதில் வந்திருக்கும்? இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதுதான் ஓர் அரசியல்வாதிக்குச் செய்யும் மரியாதை. பஸ் கதை இந்தக் கேள்விகளையே வரவிடாமல் செய்துவிடுகிறது.

1962 மார்ச்சில் விவசாயத்துறை. ஒன்றரை வருடம். அடுத்தது பெரிய இலாகா. 1963 அக்டோபரில் காமராஜர் பதவி விலகி பக்தவத்சலம் முதலமைச்சரானபோது கக்கன் உள்துறை அமைச்சர் ஆனார்.

ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் தலித்தாகப் பிறந்தவருக்குப் போலீஸ் என்றால் யார்? அடிக்க வருகிறவர்கள், அல்லது அடி வாங்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்கள். அப்படிப் பிறந்த ஒருவருக்கு மாநிலத்தின் சட்டம் ஒழுங்கு அதிகாரிகள் சல்யூட் அடித்தார்கள். தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத்துறை உருவானதும் அவர் உள்துறையில் இருந்த 1964இல்தான். இன்றைக்கு டி.வி.யில் "லஞ்ச ஒழிப்புத்துறை அதிரடி சோதனை" என்று ஓடும் பிளாஷ் நியூஸுக்குப் பின்னால் கக்கன் காலத்து அரசாணை இருக்கிறது என்று அந்தச் செய்தி வாசிப்பவருக்கே தெரியாது.

இப்போது கணக்கின் மறுபக்கத்துக்கு வர வேண்டும். பற்று வைக்காமல் வரவு மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நாள். அதற்கு முதல் நாள் மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கா.காளிமுத்துவும் நா.காமராசனும் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தினார்கள். காங்கிரஸ் அலுவலகத்தருகே மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் நடந்து, மதுரையில் பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். பிப்ரவரி நடுவில் அடங்கும்போது அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் இறந்திருந்தார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று சொல்கிறவர்களும் உண்டு.

அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் உட்கார்ந்தவர் உள்துறை அமைச்சர். அவருடைய சொந்த மாவட்டத்துப் பையன்கள் அந்தச் சட்டத்தின் சில பக்கங்களை நடுரோட்டில் எரிக்கிறார்கள். அவருடைய அரசாங்கம் சுடுகிறது. ஒரு நாவலில் இப்படி எழுதினால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்பார்கள்!

சுடச் சொன்னது கக்கன் தனிப்பட்ட முறையிலா, அமைச்சரவை முடிவா, முதலமைச்சரின் பிடிவாதமா என்று பிரித்துப் பேசுவது வக்கீல் வேலை. உள்துறை என்ற நாற்காலிக்கு ஒரு பொறுப்பு உண்டு. நல்லவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக அந்தப் பொறுப்பு குறையாது. சொந்தப் பாக்கெட்டில் ஒரு பைசா போடாத மனிதர் இருந்த அரசாங்கமும் மாணவர்களைச் சுடும். கக்கன் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள வேண்டிய கஷ்டமான பாடம் இதுதான். கைச்சுத்தமும் சரியான முடிவும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எளிமைக் கதையைச் சொல்பவர்கள் 1965ஐச் சொல்வதில்லை. 1965ஐச் சொல்பவர்கள் பக்தவத்சலத்தைத் திட்டிவிட்டுக் கக்கன் பெயரை நாசூக்காக விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டம் செய்வதும் ஒருவிதத்தில் அவமரியாதைதான். பெருமை வரும்போதும் அவரை மந்திரியாக எண்ணவில்லை, பழி வரும்போதும் அவரை மந்திரியாக எண்ணவில்லை.

மக்கள் எண்ணினார்கள். 1967இல் ஓட்டுச்சீட்டில் பதில் சொன்னார்கள். விருதுநகரில் காமராஜரையே பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் போனார். மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் கக்கன் தோற்றார். வாக்காளர்கள் கக்கனின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. அவர் அரசாங்கத்தின் வரவு செலவைப் பார்த்தார்கள், அரிசி விலையைப் பார்த்தார்கள், சுட்டதைப் பார்த்தார்கள். "இப்படி ஒரு நல்லவரைத் தோற்கடித்துவிட்டார்களே" என்று இன்றைக்குப் புலம்புகிறவர்களுக்கு அந்த வாக்காளர்கள் அறிவில்லாதவர்களாகத் தெரியலாம். கக்கனை ஒரு முழு அரசியல்வாதியாக நடத்தியது அந்த 1967 வாக்காளர்கள்தான் என்று சொன்னால் கொஞ்சம் கசக்கும். ஆனால் உண்மை.

அதன்பின் பஸ், வாடகை வீடு, ஆஸ்பத்திரி. 1981 டிசம்பர் 23 அன்று இறந்தார். 1999இல் தபால்தலை வந்தது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது.

அவரோடு அமைச்சரவையில் இருந்தவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஆர்.வெங்கட்ராமன் என்றால் தொழிற்பேட்டைகள், பிற்பாடு குடியரசுத் தலைவர். சி.சுப்பிரமணியம் என்றால் பசுமைப் புரட்சி. காமராஜர் என்றால் பள்ளிக்கூடம், மதிய உணவு. எல்லோருக்கும் செய்த வேலையின் பெயரில் நினைவு. கக்கனுக்கு மட்டும் இல்லாத பணத்தின் பெயரில் நினைவு. காமராஜரும்தான் சொத்துச் சேர்க்கவில்லை, ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது எளிமை இரண்டாவது வரியில் வரும். கக்கனுக்கு அதுவே முதல் வரி, அதுவே கடைசி வரி.

இது தற்செயலா? மேல்சாதி மந்திரி எளிமையாக இருந்தால் அவரிடம் அதிகாரம் இருந்தது, ஆனாலும் எளிமையாக இருந்தார் என்று ஆச்சரியப்படுகிறோம். தலித் மந்திரி எளிமையாக இருந்தால் அந்த ஆச்சரியத்துக்குள் ஒரு நிம்மதியும் ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகம் வருகிறது. உள்துறை நாற்காலியில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் கக்கனை விட, பஸ் ஸ்டாப்பில் கைகட்டி நிற்கும் கக்கன் சிலருக்கு வசதியாக இருக்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், பயப்பட வேண்டாம். அந்தப் பெரியவர்கள் எல்லோரும் இப்படி நினைத்துத்தான் பேசுகிறார்கள் என்று சொன்னால் அபாண்டம். பெரும்பாலோர் மனசார மதித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கதை நூறு தடவை சொல்லப்படுகிறது, எது ஒரு தடவையும் சொல்லப்படவில்லை என்பதைத் தனி மனிதர்களின் நல்ல மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை.

வறுமையில் செத்தார் என்பதில் பெருமைப்படுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. இருபது வருடம் மக்கள் பதவியில் இருந்த ஒருவர் வயதான காலத்தில் வைத்தியத்துக்குத் திண்டாடினார் என்றால் அது அவருடைய பெருமை என்பதைவிட, ஊருக்கான அவமானம் அல்லவா? நிறுவனம் ஒன்று தன் பழைய ஊழியரை அப்படி விட்டால் யூனியன் கொடி பிடிக்கும். இங்கே என்னடாவென்றால் அவமானத்தையே மெடலாகக் குத்திக்கொண்டு திரிகிறோம். ஒரு முதலமைச்சர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தால்தான் ஒருவருக்கு உதவி கிடைக்கும் என்ற நிலையை எம்.ஜி.ஆரின் நல்ல மனசுக்கு உதாரணமாகச் சொல்கிறோமே தவிர, அவர் அன்று வராமல் இருந்திருந்தால் என்று கேட்பதில்லை.

"நல்லவன் அரசியலுக்குப் போனால் கக்கன் மாதிரிதான் நடுத்தெருவில் நிற்க வேண்டும்" என்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். கதையைக் கேட்டு வளரும் பையனோ பெண்ணோ எடுத்துக்கொள்ளும் அர்த்தம் இதுதான். நேர்மை வேண்டுமானால் பட்டினி, சோறு வேண்டுமானால் திருட்டு, நடுவில் எதுவும் இல்லை! சொந்தக் காசு உள்ளவர்கள் மட்டும் தேர்தலில் நிற்கட்டும் என்று இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது.

காசு என்றதும் நினைவுக்கு வருவது. 1951 சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு டெபாசிட் 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250, தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களுக்கு அதில் பாதி. அந்தப் பாதி டெபாசிட் முறை இன்றும் இருக்கிறது. ஆனால் 2022இல் தேர்தல் கமிஷன் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு வைத்த செலவு உச்சவரம்பு, நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம். இது சட்டம் அனுமதிக்கும் கணக்கு மட்டும். கணக்கில் வராத கணக்கைப் பற்றிப் பழங்காநத்தத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடும் திருமங்கலம், 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஒரு ஃபார்முலாவுக்கே பெயர் கொடுத்துவிட்டது. கக்கனைக் கொடுத்த அதே மாவட்டம்! டெபாசிட்டில் சலுகை கொடுத்து என்ன பயன், ஒரு வார்டுக்குப் பூத் செலவு பார்க்கவே வட்டிக்கு வாங்க வேண்டும் என்றால்? கக்கன் மாதிரி ஒருவர் இன்று மனுத் தாக்கல் செய்தால், அவரது நேர்மையைச் சோதித்துப் பார்க்கும் கட்டமே வராது. அதற்கு முன்பே, "செலவு பண்ண முடியுமா தம்பி?" என்ற முதல் கேள்வியில் வடிகட்டிவிடுவார்கள்.

2003க்குப் பிறகு வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. நல்ல விஷயம். ஒவ்வொரு தேர்தலிலும் பேப்பரில் யாருக்கு எத்தனை கோடி, எத்தனை கார், எத்தனை பவுன் என்று பட்டியல் வருகிறது, சுவாரஸ்யமாகப் படிக்கிறோம். கக்கன் கதையின் தலைகீழ் வடிவம் அது. அங்கேயும் பேலன்ஸ் ஷீட் மட்டும்தான். ஐந்து வருடத்தில் எத்தனை நாள் சபைக்குப் போனார், என்ன கேட்டார், எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பட்டியல் முதல் பக்கத்தில் வருவதில்லை. கோடி வைத்திருப்பவரைக் கோடியை வைத்தும், இல்லாதவரை இல்லாமையை வைத்தும் அளந்தால், இரண்டுக்கும் தராசு ஒன்றுதான்.

இதற்குப் பதிலாக ஒருவர் சொல்லலாம்: "ஊர் முழுக்கக் கொள்ளையடிக்கும்போது, ஒருத்தர் கொள்ளையடிக்கவில்லை என்பதே பெரிய சாதனைதானப்பா. அதையாவது சொல்லிக்கொண்டிருக்க விடு." இந்த வாதத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் கதை இல்லையென்றால் கக்கன் என்ற பெயரே இன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கதை அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, சம்மதம். ஆனால் ஒரு ஆளைக் காப்பாற்ற வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே கூப்பிடாமலே ஐம்பது வருடம் ஓட்டினால் எப்படி? 1939இல் அவர் ஒரு வாசலைத் தாண்டியவர் வேறு.

செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதுவும் மாணவர்கள் கையில். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் அந்தக் கால நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. முதல் நாடாளுமன்ற விவாதங்களும், அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் அப்படியே. 1957 முதல் 1967 வரை கக்கன் மானியக் கோரிக்கைகளில் என்ன பேசினார், வைகைக்கும் மேலூர்க் கால்வாய்க்கும் எவ்வளவு ஒதுக்கினார், ஹரிஜன நலத்துறையில் எத்தனை விடுதி திறந்தார், 1965 துப்பாக்கிச்சூடு பற்றி எதிர்க்கட்சிகள் கேட்டபோது எழுந்து நின்று என்ன பதில் சொன்னார்... எல்லாம் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் இத்தனை கல்லூரிகள், வருடத்துக்கு இத்தனை பிராஜெக்ட் ரிப்போர்ட்கள். பாதிக்கு மேல் "சோப்பு வாங்குவதில் நுகர்வோர் மனப்பான்மை, மதுரை நகரைப் பொறுத்து" என்ற தலைப்பில் போன வருட சீனியரிடமிருந்து காப்பி அடித்தவை :) பட்ஜெட் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த காமர்ஸ் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பொதுப்பணித்துறையின் அந்த ஐந்து வருட மானியக் கோரிக்கைகளை மட்டுமாவது ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம். வைகை அணைக்கும் மேலூர்க் கால்வாய்க்கும் போன தொகையை வருடவாரியாகப் பிரித்து எழுதுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.